இரண்டரைக் கிலோ என்று எழுதியவள் நான்

மகள்,

பஸ்ஸுக்குச் சீட் பதிவதற்கு முன்னால் இதை வாசித்துவிடு. பதிந்துவிட்டாய் என்றாலும் பாதகமில்லை. பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டு ஒரு கதிரையில் இருந்து வாசி. காலை இன்னொரு கதிரையில் தூக்கி வை, ஏழாம் மாதத்தில் கால் வீங்கும். இதைத் தொலைபேசியில் சொன்னால் என்ன என்று கேட்பாய். மூன்று தரம் தொடங்கினேன். முதல் தரம் நீ ஊறுகாயைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தரம் மருமகன் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் தரம் நான் வாயைத் திறக்க முன்னமே நீ சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னாய். "அம்மா, மாமியின்ர வாயை அடைச்சுப்போட்டன். நான் பிறந்த நேரத்துக் கிளினிக் அட்டையை எடுத்து மேசையில போட்டனான். பாருங்கோ மாமி, அந்தக் கறுப்பு மண்ணிலதான் நான் பிறந்தனான், இரண்டரைக் கிலோ, ஒரு குறையும் இல்லை எண்டு சொன்னன்." நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். அந்த அட்டையில் இரண்டரை என்று எழுதியவள் நான். அன்றைக்குத் தராசு முள் காட்டியது இரண்டரை இல்லை.

இதை எழுதினால் எதை இழக்கக்கூடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். கல்யாணத்தில் இந்த வீட்டை உன் பெயருக்கு எழுதித் தந்ததும் நம் வழக்கம். ஆகவே நீ உன் சொந்த வீட்டுக்குத்தான் வருகிறாய், எனக்கு விருந்தாளியாக இல்லை. ஆனால் உன் மாமி தொலைபேசியில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டார். திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையில் கறுப்பு மண், அந்த மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு, அங்கே பிறக்கிற பிள்ளைகளெல்லாம் நிறை குறைந்து பிறக்கின்றன என்று யாரோ ஒருவர் பின்னால் சோக இசையும் போட்டுச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து உன் மாமிக்கு நித்திரை இல்லை. பேறும் கொழும்பில்தான், பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கும் கொழும்பில்தான், அந்த வீட்டையும் விற்றுத் தள்ளுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். நீ மாட்டேன் என்று நின்றாய். உன் கையில் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். அதை நம்பித்தான் மருமகனும் தன் தாயை விட்டு உன் பக்கம் சாய்ந்தார். இங்கே உன் அப்பா அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்கு நுளம்பு வலை அடித்து, பழைய தொட்டிலின் நாலு காலையும் தேய்த்து வைத்திருக்கிறார். பஸ்ஸில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்த மனிதர் தொட்டிலுக்கு வார்னிஷ் பூசுவதைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

நான் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் பூசுகிற தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். "உனக்கென்ன விசரே? பிள்ளை வாறன் எண்டு சொல்லிப்போட்டுது. முப்பது வருசம் கிடந்தது இன்னும் மூண்டு மாசம் கிடக்கட்டும். பேரப்பிள்ளை கையில வந்தாப் பிறகு சொல்லு" என்றார். "அப்ப சொன்னால் அது உண்மை சொன்னதாகாதப்பா, பிடிபடாமல் தப்பினதாகும்" என்றேன். அவர் தூரிகையை மறுபடி எடுத்தார். பிறகு, "அவள் வராமல் விட்டால் என்னை நோகாதை" என்றார். நோகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னை நொந்துகொள்வேன், அது வேறு கதை.

முதலில் மண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் மாமி சொல்வதில் பாதி சரி. மாரிக்காற்று முடிந்து கடல் அடங்குகிற நாட்களில் நம் கரையைப் பார்த்திருக்கிறாய். அலை வெள்ளை மணலை வழித்துக்கொண்டு போய்விடும், கறுப்பு மட்டும் வரி வரியாகக் கிடக்கும், வெயிலில் அதன் மேல் கால் வைக்க ஏலாது. அந்தக் கறுப்புக்குள் தோரியம் உள்ள தாது ஒன்று கொஞ்சம் கலந்திருக்கிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. மலை தேய்ந்து, ஆறு சுமந்து, கடல் சலித்துப் போட்டது. எந்த மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, உன் கொழும்பு மாடிப்படிக் கருங்கல்லிலும் உண்டு, இந்தக் கறுப்பு வரியில் அதைவிடக் கூடுதலாக உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் பிள்ளைகள் சிறுத்துப் பிறக்கின்றன என்ற மிச்சப் பாதியைத்தான் மறுக்கிறேன். அந்த வீடியோக்காரர் நம் கரையில் ஒரு பிள்ளையையாவது கையில் தூக்கிப் பார்த்தவரா? ஒரு தாயின் கண் இமையை இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தவரா? அந்த அம்மா காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டவரா? நான் கேட்டேன். ஊர் மருத்துவிச்சியாக எனக்கு அதுதான் தொழில். இதே மண்ணைத் தாதுவுக்காக லொறியில் ஏற்றும்போது பொன் என்கிறார்கள், அதன் மேல் நாங்கள் குடியிருந்தால் நஞ்சு என்கிறார்கள். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு எழும்பு என்றார்கள், எழும்பினோம். திரும்பி வந்து கிணறு இறைத்து, பற்றை வெட்டி, கூரை போட்டு இருக்கிறோம். இனி ஒரு வீடியோவுக்காக எழும்பமாட்டோம்.

இவ்வளவு வீரம் பேசுகிறவளுக்கு மடியில் கனம் இருக்கிறது. அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

போன மாசி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டவள், வெயிலுக்குத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். கையில் ரேடியோப் பெட்டி போல ஒரு மீற்றர். ஊர் ஊராகக் கதிர்வீச்சை அளந்து, அங்கே பிறந்த பிள்ளைகளின் நிறையோடு பொருத்திப் பார்க்கப்போகிறாள். அரசாங்கப் பதிவேடுகளில் பாதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டதால், நான் வேலைக் காலத்தில் எனக்கென்று பிரதி எடுத்து வைத்திருந்த கொப்பிகளைத் தேடி வந்தாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அத்தனையையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இந்த மண் குற்றமற்றது என்று என் கையெழுத்தே நிரூபிக்கப்போகிறது என்று நினைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அவள் முதலில் வீட்டை அளந்தாள். முற்றம், கிணற்றடி, குசினி, உன் அறை. கடற்கரையின் கறுப்பு வரியில் மீற்றர் கூடுதலாகக் காட்டியது, வீட்டுக்குள் அவ்வளவு இல்லை. பிறகு என் பழைய வேலைப் பையைக் காட்டினேன். பிள்ளையைத் தூக்கி நிறுக்கிற தொங்கு தராசு, ஏணைத் துணி, அவற்றோடு சுருக்குக் கயிறு போட்ட ஒரு சின்னச் சீலைப்பை. தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு காலையும் ஒரு கிலோப் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டும். எனக்குத் தந்த படிக்கல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. நான் கடற்கரைக் கறுப்பு மண்ணை அள்ளி, சங்கக்கடைத் தராசில் ஒரு கிலோ சரியாக நிறுத்து, பையில் போட்டுத் தைத்துக்கொண்டேன். வெள்ளை மணல் என்றால் பெரிய பொதியாகிவிடும், கறுப்பு மண் பாரமானது, கைக்குள் அடங்கும். அந்தப் பெண் மீற்றரை அதனருகே கொண்டுபோனாள். வீட்டுக்குள் வேறெங்கும் ஏறாத எண் அங்கே ஏறியது. "இதை எங்க வச்சுக் கொண்டு திரிஞ்சனீங்கள் அம்மா?" என்று கேட்டாள். தோளில் மாட்டிய பையில், இடுப்போடு. சைக்கிளில் போகும்போது மடியில். உன்னைச் சுமந்த மாதங்களிலும்தான்.

இதை உன்னிடம் மறைக்கலாம். மீற்றர் சொன்னதை நீ எங்கே காணப்போகிறாய்? ஆனால் இந்தக் கடிதத்தில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற வேலைக்கு நான் வரவில்லை. அந்தப் பெண்ணையே கேட்டேன். "தங்கச்சி, அந்தப் பை என்ர பிள்ளைக்கு ஏதும் செய்திருக்குமே?" அவள் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. "இந்தளவுக்கு ஒண்டும் நடந்திருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன் அம்மா. ஆனால் நினைக்கிறது வேற, தெரியும் எண்டு சொல்லுறது வேற. மீற்றரில ஏறின எண்ணை வச்சு ஒரு பிள்ளையின்ர நிறையைச் சொல்ல ஏலாது" என்றாள். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கொப்பிகளை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது" என்றாள். கேள் என்றேன். "உங்கட கரையில வீட்டில பிறந்த பிள்ளையள் ஏன் இவ்வளவு பேர் சரியா இரண்டரையில பிறந்திருக்கினம்? இரண்டே முக்கால் இருக்கு, மூண்டு இருக்கு. இரண்டரைக்குக் கீழ மட்டும் ஒருத்தரையும் காணேல்லை. சண்டையில மூடின பாதை திறந்து ஆஸ்பத்திரியில பிறக்கத் தொடங்கினாப் பிறகு இரண்டு நானூறு வருது, இரண்டு இருநூறு வருது. அதுக்கு முதல் இல்லை." எனக்கு ஆத்திரம் வந்தது. என் முற்றத்தில் என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னையே கேள்வி கேட்கிறாளே என்று. "அந்தக் காலத்துப் பிள்ளையள் அப்பிடித்தான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? குனிந்து மறுபடி கொப்பியைத் திறந்தாள். அப்போது நானே சொன்னேன். "எழுதினது நான்தான் தங்கச்சி. முள்ளு எழுதேல்லை."

இரண்டரைக் கிலோ என்பது ஒரு கோடு, மகள். அதற்குக் கீழே என்றால் நிறை குறைந்த பிள்ளை. அட்டையில் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தாய் அலைந்து திரிந்தாள், தாயின் வயிறு சரியில்லை. தகப்பனின் வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அதற்காகத்தான் இரக்கப்பட்டுக் கூட்டி எழுதினேன் என்று வருடக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். இரக்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது மானம், அதுவும் உன் பிறப்பில் வந்தது.

உன்னைச் சுமந்த வருடம் மூன்று மாதம் இடம்பெயர்ந்து நிலாவெளியில் தகரக் கொட்டிலில் இருந்தோம். ஒரு நேரச் சோறு, இரண்டு தரம் மலேரியா. கொஞ்சம் அமைதியானதும் ஊருக்குத் திரும்பி வந்து அடுத்த கிழமையே சைக்கிளில் ஏறிவிட்டேன். என் மாமி, உன் அப்பாவின் தாய், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்வார்: "வெயிலுக்க கடற்கரையால சைக்கிள் ஓடுறவளுக்குச் சுண்டங்காய் மாதிரித்தான் பிள்ளை பிறக்கும்." நான் எதிர்வாய் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கட்டும், தராசில் காட்டுகிறேன் என்று இருந்தேன். பேற்று நோ கண்ட நாளில் பாதை மூடியிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கிண்ணியாவிலிருந்து வந்து நம் பிரிவில் வேலை செய்த ஹபீபா ராத்தாதான் உன்னைக் கையில் எடுத்தார். என்னைவிட மூத்த மருத்துவிச்சி, எனக்குத் தொழில் பழக்கியவர். மத்தியானத்துக்கு முன் நீ பிறந்தாய். வீறிட்டு அழுதாய். ராத்தா ஏணையில் இட்டுத் தராசில் மாட்டினார். நான் பாயில் கிடந்தபடி முள்ளைப் பார்த்தேன். ஒரு கிலோ எண்ணூற்றைம்பது.

வெளியே விறாந்தையில் என் மாமி. "நிறை என்ன?" என்று கேட்டார். நான் ராத்தாவிடம் மெதுவாக, "இரண்டரை எண்டு எழுதுங்கோ ராத்தா" என்றேன். ராத்தா பேனாவை மூடிவிட்டார். "பொய் எழுதப்படா புள்ள. முள்ளு என்ன சொல்லுதோ அதத்தான் எழுதோணும்" என்றார். நான் கையை நீட்டினேன், அழுதேன், அட்டையைத் தரச்சொல்லி அடிக்குரலில் சண்டை பிடித்தேன். ஊரெல்லாம் கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, ஓய்வெடு என்று புத்தி சொல்லித் திரிந்த மருத்துவிச்சிக்கு ஊரிலேயே சின்னப் பிள்ளை. என்னால் தாங்க ஏலவில்லை. கடைசியில் ராத்தா அட்டையை என் பக்கத்தில் வைத்தார். "ஒன்ட கையால எழுதினா அது ஒன்னோட போகட்டும். என்ட கையால எழுத மாட்டன்" என்றார். நான் எழுதினேன். பிறகு உரத்துச் சொன்னேன், விறாந்தைக்குக் கேட்கும்படியாக: "இரண்டரை, மாமி!" அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகு ராத்தா அந்த அட்டையைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னை வெறும் மேலோடு என் நெஞ்சில் வைத்துச் சீலையால் சுற்றிக் கட்டினார். ஐந்து கிழமை அப்படியே இருந்தாய். இரண்டு நாளுக்கொருதரம் ராத்தா வந்து உன் காலைத் தொட்டுப் பார்ப்பார், குளிர்ந்தால் என்னை ஏசுவார். அட்டையில் பொய் இருந்தாலும் உன்னைப் பார்க்கிற கண்ணில் பொய் இருக்கவில்லை. நீ பிழைத்தது அதனால்தான். நான் எழுதிய இரண்டரையால் உனக்கு ஒரு கிராம் கூடவில்லை.

ஒரு தரம் கை பழகிவிட்டால் பிறகு அது தானாகவே எழுதும். கரைவலை இழுக்கிறவரின் மனைவி பாக்கியத்துக்கு மூன்றாவதும் பெண். முள் இரண்டு இருநூறில் நின்றது. "மிஸி, குறைச்சு எழுதிப்போடாதேங்கோ, என்னை வீட்டில இருக்க விடாயினம்" என்று என் கையைப் பிடித்தாள். எழுதினேன், இரண்டரை. அது நிறை குறைந்த பிள்ளை, அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று என் தலைக்குள் இருந்தது. போனேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு கிழமை படுத்துவிட்டேன். எனக்குப் பதிலாக வந்தவள் அட்டையைப் பார்த்தாள், நல்ல பிள்ளை என்று அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அவளில் பிழை இல்லை, அட்டை சொன்னதை நம்பினாள். பிள்ளைக்குச் சளி இறங்கி நெஞ்சை அடைத்து, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துவிட்டது, இன்று அவளுக்கே கல்யாணமாகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியால் வந்த அன்றே பாக்கியம் ஒரு பெரிய பாரை மீனோடு நம் வாசலுக்கு வந்தாள். "நீங்கள் இல்லாட்டி என்ர பிள்ளை இல்லை மிஸி" என்றாள். நான் மீனை வாங்கினேன். குழம்பு வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டோம், நீயும் முள் எடுத்துத் தரச்சொல்லிச் சாப்பிட்டாய். எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது அந்தச் சாப்பாடுதான்.

அதற்குப் பிறகாவது நிறுத்தினேனா என்று கேட்பாய். நிறுத்தவில்லை. பாதை திறந்து பேறெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் நின்றது. ஒவ்வொரு காலையும் தராசு சரியா என்று மண் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தராசு ஒரு நாளும் பிழை காட்டவில்லை.

அந்தப் பல்கலைக்கழகப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்தக் கொப்பியளை வச்சு உங்கட மண் கூடாது எண்டும் சொல்ல ஏலாது, நல்லது எண்டும் சொல்ல ஏலாது அம்மா." என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். யோசித்துப் பார் மகள். இந்தக் கரைக்கு என்றைக்காவது ஒரு சாட்சி தேவைப்பட்டிருந்தால் அது நான்தான். வேறு எவரிடமும் அந்த வருடங்களின் எண் இல்லை. வீடியோக்காரன் வாயால் மண்ணைக் கெடுத்தான் என்றால், அவனுக்குப் பதில் சொல்லும் வழியை நான் பேனாவால் அடைத்துவிட்டேன். பசியால் சிறுத்த பிள்ளைகளைப் பசி காட்டாமல் மறைத்தேன். மலேரியாவால் சிறுத்த பிள்ளைகளை மலேரியா காட்டாமல் மறைத்தேன். அன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அந்தக் கொப்பிகள் இன்று வாய் திறந்து பேசும்: பாருங்கள், சாப்பாடு இல்லாத வருடம் நிறை இறங்கியது, சாப்பாடு வந்த வருடம் ஏறியது, மண் எல்லா வருடமும் ஒரே மண்தான் என்று. அப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நம்புவதைத் தெரியும் என்று சொல்லும் உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.

அழுதுகொண்டு இருக்க எனக்குத் தெரியாது. எந்தெந்த வருடத்து எண்களை நம்பக்கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணிடமும் நான் வேலை செய்த சுகாதாரக் கந்தோரிலும் கொடுத்துவிட்டேன். பென்சனில் கை வைக்கப்போகிறார்கள் என்று உன் அப்பா பயப்படுகிறார். வைத்தால் வைக்கட்டும். இந்த வருடத்திலிருந்து பிறக்கிற பிள்ளைகளை அவள் புதிதாகக் கணக்கெடுக்கிறாள்: ஆஸ்பத்திரி நிறை, வீட்டு மீற்றர், தாயின் இரத்தம், தாயின் சாப்பாடு, எல்லாம் சேர்த்து. கறுப்பு மண் இல்லாத ஊர்களிலும் அதே மாதிரி எடுக்கிறாள். அவளோடு வீடு வீடாகப் போய்த் தாய்மாரோடு கதைப்பது நான்தான். போன கிழமை திரியாயில் ஒரு இளம் பெண், "மிஸி, என்ர பிள்ளை சின்னனாப் பிறந்தால் மண்ணில பழி வரும், வேண்டாம்" என்று கதவைச் சாத்தப்பார்த்தாள். "சின்னனாப் பிறந்தால் சின்னன் எண்டு எழுதுவம் பிள்ளை. மறைச்சதாலதான் இண்டைக்கு வழியில போறவனெல்லாம் எங்களைப் பற்றிக் கதைக்கிறான்" என்றேன். உள்ளே வரச்சொன்னாள். முடிவு மண்ணுக்கு எதிராக வந்தால் அதையும் நானே ஊருக்குப் படித்துச் சொல்வேன். வரட்டும் பார்ப்போம்.

இனி உன் விஷயம். இந்த உறைக்குள் ஒரு தாள் இருக்கிறது. அதில் உன் சரியான நிறையை எழுதி, இன்றைய திகதி போட்டு, கையெழுத்து வைத்திருக்கிறேன். அதை முதலில் உன் டாக்டரிடம் காட்டு. தாய் எந்த நிறையில் பிறந்தாள் என்பது அவர்களுக்குத் தேவைப்படலாம். இரத்தத்தைப் பார்க்கச் சொல், பிள்ளை வளர்கிறதா என்று ஒழுங்காக அளக்கச் சொல். அவர் பயணம் வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் பேச்சில்லை. அவர் சரி என்று சொல்லி, நீயும் வர நினைத்தால், பேறு திருகோணமலை ஆஸ்பத்திரியில், அதற்கு முன்னும் பின்னும் உன் வீட்டில். வீட்டின் எந்த மூலையில் மீற்றர் என்ன காட்டியது என்று அந்தப் பெண் எழுதித் தந்ததையும் வைத்திருக்கிறேன், மருமகன் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு அவர் வேண்டாம் என்றாலும் எனக்கு அவரில் கோபம் வராது. வாசிக்காமல் வேண்டாம் என்றால் வரும்.

உனக்கு என்னில் கோபம் வரவேண்டும், அது நியாயம். முப்பது வருடம் உன்னுடையதல்லாத ஒரு எண்ணை உன்னைச் சுமக்க வைத்தேன். ஆனால் ஒன்றைச் செய்யாதே: ஒரு கிலோ எண்ணூற்றைம்பது என்பதை வெட்கமாக எடுத்துக்கொள்ளாதே. அதில் வெட்கப்படுகிற வேலையை நானே செய்து முடித்துவிட்டேன், உனக்கு மிச்சம் வைக்கவில்லை. உன் பிள்ளை என்ன நிறையில் பிறந்தாலும், அதை ஒருவர் கேட்டால் தலையை நிமிர்த்திச் சொல். அது நீ செய்த குற்றமும் இல்லை, இந்த மண் செய்ததென்று எவரும் நிரூபித்ததும் இல்லை.

நீ வருவாய் என்றால் அப்பா பஸ் நிலையத்துக்கு வருவார். நீ வராவிட்டால் நான் வருவேன். இதில் உன் சம்மதம் கேட்கவில்லை. உன் மாமி கதவைத் திறப்பார், நல்ல மனிதர், தேத்தண்ணியும் தருவார். தந்துவிட்டு அந்த அட்டையைப் பற்றிக் கேட்பார். அன்றைக்கு என் மாமிக்குப் பயந்து பொய்யைக் கத்தினேன். உன் மாமிக்கு முன்னால் இருந்து, அவர் முகத்தை நேரே பார்த்து, கத்தாமல் சொல்வேன்: "என்ர பிள்ளை பிறக்கேக்க ஒரு கிலோ எண்ணூற்றைம்பதுதான், சம்பந்தி. இப்ப உங்கட வீட்டில எழும்பி நிற்கிறாள், பாருங்கோ."

உன் அம்மா